தோபியாவின் நாயும் நம் வீட்டு வாசலும்



மரித்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் மாதம் வரும்போதெல்லாம் நம் ஆலயங்களின் பீடத்தருகே ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. குடும்பத்தில் இறந்தோரின் பெயர்களை எழுதி அதில் இடுகிறோம். தாத்தா, பாட்டி, தாய், தந்தை, போரில் மறைந்த பிள்ளை, பிறந்து சில நாள்களில் இறைவனடி சேர்ந்த குழந்தை எனப் பெயர்கள் நீள்கின்றன. எழுதலாமா என்று தயங்கிச் சிலர் எழுதாமல் விடும் ஒரு பெயரும் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வீட்டின் வாசலில் படுத்திருந்து, கேற் திறக்கும் ஓசைக்கு எழுந்து ஓடிவந்த நாயின் பெயர் அது.

வெள்ளவத்தையில் அநேகர் வளர்க்கும் நாய்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டவை அல்ல. காலி வீதியில் வாகனம் மோதிக் கால் முறிந்து கிடந்தது ஒன்று. சந்தைப் பக்கத்தில் அட்டைப் பெட்டியொன்றில் கண் திறவாமல் விடப்பட்டது இன்னொன்று. கால்வாயின் ஓரத்தில், மழைநாளில், குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தது வேறொன்று. பாடசாலை விட்டு வந்த பிள்ளை அதைச் சீருடையில் பொதிந்து தூக்கி வந்திருக்கும். "தொடர்மாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள்" என்று தாய் ஏசியிருப்பார். அந்தத் தாயே இரவில் எழுந்து அதற்குப் பால் கரைத்துக் கொடுத்திருப்பார். அப்படி உயிர் பெற்று வளர்ந்த ஒன்று வயது முதிர்ந்து இறக்கும்போது, அந்த வீட்டில் உண்மையாகவே ஒரு துக்கம் நிகழ்கிறது. ஆனால் அந்தத் துக்கத்துக்கு வெளியே சொல்ல ஒரு சொல் இல்லை. விசாரிக்க வருவோர் இல்லை. "நாய்தானே" என்ற ஒரே வார்த்தையோடு அது முடிக்கப்பட்டுவிடுகிறது.

சிலர் குருவானவரிடம் தயக்கத்தோடு கேட்பதுண்டு: "சுவாமி, எங்கட நாய் செத்துப்போச்சு. அதுக்காக ஒரு செபம் சொல்லலாமோ? பாவமோ?" கேட்டுவிட்டு அவர்களே வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் பின்னால் இருக்கும் கேள்வியை இன்று சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் அந்த வெட்கத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இது மனித உயிர்கள் ஆயிரமாயிரமாய்ப் பறிக்கப்பட்ட நாடு. 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. 2004 டிசெம்பர் 26இல் கடல் நம் கரைகளை விழுங்கியது. 2009இல் வன்னியில் நடந்ததை எழுத இன்னும் நம்மிடம் வார்த்தைகள் இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் செபித்துக்கொண்டிருந்தோர் கொல்லப்பட்டார்கள். காணாமற்போன மகனின் படத்தை வைத்துக்கொண்டு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் புதைப்பதற்கு ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. இத்தகைய நாட்டில் ஒரு நாய்க்காக அழுவது, மனிதரின் துயரத்துக்குச் செய்யும் அவமரியாதையாகாதா? கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துக்கொண்டு, நாம் வேதாகமத்திடம் போவோம்.

கத்தோலிக்கராகிய நமது பழைய ஏற்பாட்டில் தோபித்து என்றொரு சிறிய நூல் உண்டு. யூதரின் எபிரேய வேதநூல் தொகுதியிலும் பிரிவினைச் சபையினரின் வேதாகமத்திலும் இது சேர்க்கப்படவில்லை. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சுவடிகளுள் இந்நூலின் அரமேய, எபிரேயப் பகுதிகளும் இருந்தன என்பதைப் பலர் அறிவர். இந்நூல் இடம்பெயர்ந்தோரின் நூல். தோபித்து என்ற பெரியவர் தம் சொந்த ஊரிலிருந்து அசீரியரால் நாடுகடத்தப்பட்டு, நினிவே மாநகரில் அந்நியராக வாழ்கிறார். அங்கே அவர் செய்த புண்ணியம் என்ன தெரியுமா? கொல்லப்பட்டு வெளியே எறியப்பட்ட தம் இனத்தவரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்தார். அரசனின் கோபத்துக்கு ஆளாகி, உடைமை அனைத்தையும் இழந்து, ஒளிந்து வாழ நேர்ந்தது. மீண்டும் வீடு திரும்பிய பின்பும் அவர் விடவில்லை. பெருவிழா விருந்துக்கு அமர்ந்த வேளையில், சந்தை வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான் என்று கேட்டதும், உணவைத் தொடாமல் எழுந்து போகிறார். சூரியன் மறைந்த பின் குழி தோண்டி அடக்கம் செய்கிறார். அயலார் அவரைக் கேலி செய்கின்றனர்.

இறந்தோரை அடக்கம் செய்யும் உரிமையே மறுக்கப்பட்ட ஒரு மக்களின் கதை இது. இதை வாசிக்கும்போது நம் நாட்டை நினைக்காமல் இருக்க முடியுமா?

இந்த நூலில்தான் ஒரு நாய் வருகிறது. கண்பார்வை இழந்து வறுமைப்பட்ட தோபித்து, தம் மகன் தோபியாவைத் தூர தேசத்துக்கு அனுப்புகிறார். வழித்துணையாக வருபவர் இரபேல் என்னும் வானதூதர் என்பது அவர்களுக்குத் தெரியாது. இருவரும் புறப்படும்போது அந்த வீட்டு நாயும் கூடவே புறப்பட்டதாக நூலாசிரியர் குறிப்பிடுகிறார். பயணம் முடிந்து திரும்பும்போது அதே நாய் அவர்களின் பின்னால் வருவதாக மீண்டும் ஒருமுறை சொல்கிறார். கதைக்கு அந்த நாய் தேவையே இல்லை. அது எதையும் செய்யவில்லை. பேயை விரட்டியது வானதூதர் காட்டிய மருந்து. தந்தையின் கண்ணைத் திறந்ததும் அந்த மீனின் பித்தப்பை. நாய் வெறுமனே கூடப் போனது, கூடத் திரும்பியது. அவ்வளவுதான். இருந்தும் தூய ஆவியார் ஏவிய அந்த எழுத்தாளர் அதை விட்டுவிடவில்லை.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வேதாகமத்தை இலத்தீனுக்குப் பெயர்த்த புனித எரோணிமுஸ், தோபித்து நூலை அரமேய மூலத்திலிருந்து ஒரே நாளில் பெயர்த்து முடித்ததாக எழுதியுள்ளார். அவருடைய இலத்தீன் பெயர்ப்பில் இன்னும் ஒரு வரி கூடுதலாக உண்டு. வழியெல்லாம் உடன் வந்த நாய், வீடு நெருங்கியதும் முந்தி ஓடி, செய்தி கொண்டு வந்ததுபோல வாலை ஆட்டி மகிழ்ந்ததாம். கிரேக்க மூலத்தைத் தழுவிய நமது தமிழ்த் திருவிவிலியத்தில் இந்த வரி இல்லை. எனினும் நூற்றாண்டுகளாக மேலைத் திருச்சபை இலத்தீனில் வாசித்தபோது, அந்த வாலாட்டலையும் சேர்த்தே வாசித்தது.

அந்த வீட்டில் மகனுக்காகப் பாதையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தவர் தாய் அன்னா. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் எத்தனை அன்னாமார் இன்று அமர்ந்திருக்கிறார்கள்! பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும். தொலைபேசி வாரத்துக்கு ஒருமுறை. மற்ற ஆறு நாள்களும் அவர்களோடு பேசாமல் பேசிக்கொண்டிருப்பது காலடியில் படுத்திருக்கும் ஒரு பிராணி. அது இறக்கும்போது அந்த வீட்டின் கடைசி ஓசையும் நின்றுவிடுகிறது. அப்போது அந்தத் தாய் அழுவது நாய்க்காக மட்டுமா? அந்த நாயோடு சேர்த்து வாழ்ந்த ஆண்டுகளுக்காகவும், வந்து பார்க்க இயலாத பிள்ளைகளுக்காகவும், இன்னும் சொல்லாத பலவற்றுக்காகவும் அவர் அழுகிறார்.

சொல்லாத பலவற்றில் ஒன்றை நாம் இங்கே சொல்லியாக வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வீடுகளை விட்டு எழுந்தார்கள். கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி மனித வெள்ளம் நகர்ந்தது. கையில் எடுக்க முடிந்தது ஒரு பை, ஒரு குழந்தை, ஒரு முதியவரின் கரம். நாயை எப்படிக் கொண்டு போவது? கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்துவிட்டார்கள். சோறு ஒரு தட்டில் வைத்தார்கள். சில நாய்கள் பாலம்வரை பின்னால் வந்தன. இவற்றை அன்று அழுவதற்கு எவருக்கும் நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. பின்னர் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்குக் குடியேறியவர்களுள் எத்தனையோ பேர், முப்பது ஆண்டுகள் கழிந்தும், அந்தத் தட்டுச் சோற்றை மறக்கவில்லை. இன்று தெருவில் கிடந்த ஒரு குட்டியை அவர்கள் எடுத்து வளர்ப்பதில், அன்று விட்டுவந்த ஒன்றுக்குச் செய்யும் பரிகாரமும் கலந்திருக்கிறது. ஆகவே அவர்களுடைய கண்ணீரை எளிதில் எடைபோட நமக்கு அதிகாரம் இல்லை.

மனிதத் துயரையும் பிராணியின் இழப்பையும் தராசில் வைத்து ஒன்றை மற்றொன்றால் தள்ளிவிட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையே தோபித்து நூல் காட்டுகிறது. கொலையுண்டவனுக்காக உணவை விட்டெழுந்த அதே வீட்டில்தான் நாய்க்கும் இடம் இருந்தது. இறந்த மனிதரைக் கைவிடாத உள்ளம், உயிருள்ள எதையும் இலேசாகக் கைவிடாது.

நம் தமிழ் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதியில், எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சி ஆண்டில், ஏழாம் நூற்றாண்டில், அது நிறுத்தப்பட்டது. கால்நடை கவர வந்தோரோடு போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. கள்வனைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த ஊரில் அன்று வாழ்ந்த செல்வந்தர் பலரின் பெயரை நாம் அறியோம். ஒரு நாயின் பெயரை அறிகிறோம். நன்றியை நன்றியால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிய சாதாரண மக்கள் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஆழிப்பேரலை வந்த 2004இல் புதுச்சேரிக்கு அருகே சின்னக்காலாப்பட்டு மீனவக் கிராமத்தில் நடந்ததை அன்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அலை வருகிறது என்று கேட்டதும் ஒரு தாய் தம் இரு சிறு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஏழு வயது மூத்தவன் பின்னால் ஓடி வருவான் என்று நம்பினார். அவனோ கரையோரத்து வீட்டுக்குள் ஓடிவிட்டான். அவர்களுடைய நாய் செல்வகுமார் அவன் பின்னால் போய், சட்டைக் கழுத்தைக் கவ்வியும் மூக்கால் தள்ளியும் அவனை மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. காலமாகிவிட்ட உறவினர் ஒருவரின் பெயரையே அந்தக் குடும்பம் நாய்க்குச் சூட்டியிருந்ததாம். நம்மவர் "நாயே" என்று ஒருவரைத் திட்டுகிறார்கள். அதே வாயால் "நன்றியுள்ள பிராணி" என்றும் சொல்கிறார்கள். எது உண்மை என்று அந்தத் தாயிடம் கேட்டால் தெரியும்.

திருச்சபையின் நினைவிலும் இத்தகைய நாய்கள் உண்டு. ஓகஸ்ட் 16ஆம் திகதி நாம் விழா எடுக்கும் புனித ரோக்கு, பிரான்ஸ் நாட்டின் மொம்பெலியே நகரத்தவர். கொள்ளைநோயால் பீடிக்கப்பட்டோருக்குப் பணிவிடை செய்து, தாமும் அந்நோய் கண்டு, இத்தாலியின் பியச்சென்சா அருகே காட்டில் தனித்துக் கிடந்தார். மனிதர் அணுக அஞ்சிய அவருக்கு ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கவ்விக்கொண்டு வந்து கொடுத்ததாகப் பாரம்பரியம் கூறும். அதனால்தான் அவருடைய சுரூபங்களில் எப்போதும் ஒரு நாய் நிற்கிறது. நாம் மெழுகுதிரி ஏற்றும்போது அதையும் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுகிறோம். இளையோரின் தந்தையான புனித தொன் போஸ்கோ, 1850களில் தூரின் நகரத் தெருக்களில் எதிரிகள் தம்மைத் தாக்க வந்தபோதெல்லாம், எங்கிருந்தோ வந்து காத்த கிரீஜியோ என்ற சாம்பல்நிற நாயைப் பற்றித் தம் நினைவுக் குறிப்புகளில் தாமே எழுதிவைத்தார்.

அதே திருச்சபை இதற்கு ஓர் எல்லையும் வகுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே, கினஃபோர் என்ற வேட்டை நாயொன்றின் கல்லறைக்குத் தாய்மார் நோயுற்ற குழந்தைகளைக் கொண்டுபோய் வேண்டுதல் செய்துவந்தனர். தொட்டிலில் இருந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த நாய், இரத்தக்கறை படிந்த வாயைக் கண்ட எசமானால் தவறாகக் கொல்லப்பட்டது என்பது அதன் கதை. நம் ஊரில் கீரிப்பிள்ளைக் கதையாகச் சொல்லப்படும் அதே கதைதான். அப்பகுதிக்குச் சென்ற தொமினிக்கன் சபைத் துறவி ஒருவர் அந்த எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். அங்கே குழந்தைகளை ஆபத்துக்குள்ளாக்கும் சடங்குகள் நடந்ததும் அதற்குக் காரணம். நன்றி நினைவு வேறு, வழிபாடு வேறு. நாயை நேசிக்கலாம், நினைக்கலாம், அதற்காக அழலாம். அதை மனிதரின் இடத்திலோ இறைவனின் இடத்திலோ வைக்கலாகாது.

அப்படியானால், "என் நாயை மறுவாழ்வில் காண்பேனா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். பிராணிகளுக்கும் ஆன்மா உண்டு, ஆனால் அது உடலோடு சேர்ந்தே இயங்கி உடலோடு சேர்ந்தே மறைவது என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தார். மனித ஆன்மாவுக்கு உள்ள அழியாத்தன்மையை அவர் பிராணிகளுக்குக் கூறவில்லை. 2014ஆம் ஆண்டின் இறுதியில், நாய் இறந்த சிறுவனொருவனுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ், விண்ணகம் எல்லாப் பிராணிகளுக்கும் திறந்திருக்கிறது என்று ஆறுதல் சொன்னதாக உலகெங்கும் ஒரு செய்தி பரவியது. அது தவறான செய்தி என்று பின்னர் பத்திரிகைகளே திருத்தம் வெளியிட்டன. பலர் இன்றும் அதை நம்புகின்றனர். மெய்யல்லாத ஒன்றைக் கொண்டு ஆறுதல் தேட வேண்டியதில்லை. ஏனெனில் மெய்யானதே போதுமான அளவுக்கு இருக்கிறது.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில், படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிப்பதாகவும், அழிவுக்கு அடிமைப்பட்ட நிலையிலிருந்து அதுவும் விடுதலை பெறும் என்ற எதிர்நோக்கில் இருப்பதாகவும் கூறுகிறார். நோவாவோடு இறைவன் செய்த உடன்படிக்கை, பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது. யோனாவின் நூல் முடியும் இடத்தில், நினிவேயின் மக்களோடு அந்நகரின் கால்நடைகளையும் எண்ணிப் பார்த்து இறைவன் இரங்குகிறார். 2015இல் வெளியான "லவுதாத்தோ சி" சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளிமிக்க புதிய நிலையில் தன் இடத்தைப் பெறும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். எந்த நாய் எப்படி என்று விவரம் கூறும் படிப்பினை எதுவும் நமக்குத் தரப்படவில்லை. நமக்குத் தரப்பட்டிருப்பது, படைத்தவர் தாம் படைத்த எதையும் வெறுப்பதில்லை என்ற உறுதி. ஆகவே பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம்: "உனக்கு அதைத் தந்தவர் கடவுள். அது இப்போது அவருடைய கையில் இருக்கிறது. அவர் கையில் கொடுத்த எதுவும் வீண் போவதில்லை." இதில் பொய் ஏதும் இல்லை.

பிள்ளையிடம் வேறு பொய்களும் வேண்டாம். "நாய் ஓடிவிட்டது", "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று மறைக்கும் பெற்றோர் உண்டு. பிள்ளை அதன் பிறகு வாசலில் நின்று காத்திருக்கும். பல பிள்ளைகள் மரணத்தை முதன்முதலில் சந்திப்பது இப்படியொரு பிராணியின் இறப்பில்தான். உடலைத் துணியில் பொதிந்து, குழியில் இட்டு, ஒரு கைப்பிடி மண் போட அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். யாழ்ப்பாணத்து வளவில் தென்னைக்கு அடியில் புதைத்தோம். தொடர்மாடியில் ஒரு சாண் மண்கூட இல்லை என்பது உண்மைதான். உறவினர் ஒருவரின் வளவைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை. தெருவோரக் குப்பையோடு சேர்த்து வைத்துவிடுவதை மட்டும் செய்யாதிருங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. முதுமையில் நம்மை எப்படி நடத்த வேண்டும் என்பதையும் அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

இனி, "செபம் சொல்லலாமோ?" என்ற கேள்விக்கு வருவோம். உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது பாவ மன்னிப்பு தேவைப்படும் மனிதருக்காக. நாய் பாவம் செய்யவில்லை. ஆகையால் அதற்கு மன்னிப்பு வேண்டி மன்றாட வேண்டியதில்லை. ஆனால் நன்றி கூறலாம். பிராணிகளை ஆசீர்வதிக்கும் சடங்கு, 1984இல் வெளியான திருச்சபையின் ஆசியுரை நூலில் இடம்பெற்றுள்ளது. ஜனவரி 17, வனத்து அந்தோனியார் திருநாளில் பல நாடுகளில் பிராணிகளை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவந்து மந்திரிப்பது பழைய வழக்கம். உயிரோடு இருக்கும்போது ஆசீர்வதிக்கலாம் என்றால், அது போன பின் அதைத் தந்தவருக்கு நன்றி சொல்வது எப்படித் தவறாகும்? மாலைச் செபமாலை முடிந்ததும் குடும்பத்தோடு ஒரு நிமிடம் அதன் பெயரைச் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறுங்கள். அது போதும்.

நன்றி சொல்லி முடித்த பின் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1992இல் வெளியானது, இரு பக்கமும் நிறுத்துப் பேசுகிறது. தேவையின்றிப் பிராணிகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாதது என்கிறது. மனிதரின் வறுமையைத் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தைப் பிராணிகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்கிறது. 2022 ஜனவரி 5ஆம் திகதி பொது மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ், பிள்ளைகளுக்குப் பதிலாக நாய், பூனைகளை வைத்துக்கொள்ளும் மனப்போக்கைக் கண்டித்தபோது சிலர் மனம் நொந்தனர். அவர் நாயை வெறுத்துப் பேசவில்லை. அன்பு சுலபமான இடத்தில் நின்றுவிடக் கூடாது என்றே பேசினார்.

ஆண்டவர் இயேசு சொன்ன உவமையில் செல்வனின் வாயிலருகே இலாசர் புண்களோடு கிடந்தார். நாய்கள் வந்து அவருடைய புண்களை நக்கின. வீட்டுக்காரர் வரவில்லை. நாய்கள் வந்தன. நம் வீட்டு நாய் உயிரோடிருந்த காலத்தில் வாசலுக்கு வந்த பிச்சைக்காரரையும், மீன் விற்கும் பெண்ணையும், தொடர்மாடிக் காவலாளியையும் ஒரேவிதமாக வரவேற்றிருக்கும். அதனை நேசித்தோம் என்று சொல்லும் நாம் அவர்களுடைய பெயரையாவது அறிவோமா? நாய்க்கு மருந்து வாங்க நள்ளிரவில் முச்சக்கர வண்டி தேடிய நாம், மேல்மாடியில் தனித்திருக்கும் முதியவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோமா? நாய் நம்மிடம் விட்டுப்போகும் பாடம் இதுதான் என்றால், அதன் நினைவு நாளைக் கொண்டாடச் சிறந்த வழியும் இதுவே.

தெருவில் இன்னும் நாய்கள் இருக்கின்றன. அவற்றை நேசிப்போர் அயலாரின் அச்சத்தையும் மதிக்க வேண்டும். நம் நாட்டில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டொன்றில் 300க்கும் அதிகமானோர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். தடுப்பூசித் திட்டங்களால் அந்தத் தொகை அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பதுக்குள் இறங்கியிருக்கிறது. நோய் அறிகுறி தோன்றிவிட்டால் மருந்தில்லாத நோய் அது. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரச மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆங்கிலேயர் 1893இல் இயற்றிய விசர்நாய் நோய்ச் சட்டத்தின் காலம் தொட்டு, தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே வழியாக இருந்தது. 2006இல் அரசு அந்தக் கொலையை நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் கொள்கையாக ஏற்றது. கொள்கை காகிதத்தில் நிற்பதும் தெருவுக்கு வருவதும் நம்மைப் போன்றோரின் கையிலும் இருக்கிறது. சோறு வைக்கும் கை, அந்த நாயை ஆண்டுக்கொருமுறை தடுப்பூசிக்குக் கொண்டுபோகவும் வேண்டும். கருத்தடை செய்விக்கவும் வேண்டும். குட்டிகளைப் பெட்டியிலிட்டுச் சந்தையருகே விட்டுச்செல்லும் கொடுமை அப்போதுதான் ஓயும்.

ஒரு சிறிய இரக்கம் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1959இல் சென்னையில் பெருமழை பெய்தபோது, தியாகராய நகரின் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கப்டன் வி. சுந்தரம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து பிறந்தது அவரும் அவருடைய மனைவி உஷா சுந்தரமும் நிறுவிய புளூ கிறொஸ் அமைப்பு. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்ற வழியை அவர்கள் 1964 முதல் வலியுறுத்தினர். சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர்கள் காத்திருந்தார்கள். நம் மண்ணிலும், ஆனையிறவுக்கு அண்மையில் இயக்கச்சியில், சிவபூமி அறக்கட்டளையினர் கைவிடப்பட்ட நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்தனர். ஒரு காலத்தில் மனிதரே நிழல் தேடி அலைந்த பிரதேசம் அது. நம் இந்துச் சகோதரர் செய்த இந்த நற்செயலை நாம் மனமாரப் பாராட்டுவோம். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் செய்வோம்.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டு மூலையில் இன்னும் அந்தச் சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கலாம். அதன் தட்டை எறிய மனமின்றி வைத்திருக்கலாம். எறியாவிட்டால் பரவாயில்லை. உள்ளம் தேறியதும் அந்தத் தட்டில் சிறிது சோறிட்டு, தெருவில் பசித்திருக்கும் இன்னொன்றுக்கு வையுங்கள். அதே கையால் மேல்மாடி முதியவரின் கதவையும் ஒருமுறை தட்டுங்கள்.

செபிப்போம்: படைப்பனைத்துக்கும் தந்தையான இறைவா, எங்கள் வாசலில் சில காலம் காவலிருந்து, எங்களைப் பேச்சின்றி நேசித்த சிற்றுயிருக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். அன்று எங்களால் கூட்டிவர இயலாமற்போன உயிர்களையும், அடக்கம் செய்ய இயலாமற்போன எங்கள் உறவுகளையும் உமது இரக்கத்தில் ஒப்படைக்கிறோம். தோபியாவோடு வழிநடந்த இரபேல் தூதரை எங்கள் தனிமையான வீடுகளுக்கும் அனுப்பியருளும். எங்கள் கண்ணீரை இரக்கமாகவும், எங்கள் நினைவைச் சேவையாகவும் மாற்றியருளும். ஆமென்.